படிப்பு முடியுமுன் மிம்பரில்: அமெரிக்கச் சிற்றூர்களின் மாணவ ரப்பிகள்



ஆலிம் ஒருவர்கூட இல்லாத ஊரில் ஒரு மவுத்து நேர்ந்தால் ஜனாஸாத் தொழுகையை நடத்துவது யார்? பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது யார்? பெருநாள் அன்று குத்பா ஓதுவது யார்? முப்பது நாற்பது வீடுகளே உள்ள நம் மஹல்லாக்களில் இவை ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்விகள். முழுநேர இமாமுக்கு ஊதியம் கொடுக்க ஜமாஅத்தில் வசதி இருக்காது. இமாம் இல்லாமல் இருக்கவும் முடியாது.

வேதம் வழங்கப்பட்ட மற்றொரு சமூகமும் இதே கேள்வியை எதிர்கொண்டது. அமெரிக்காவின் ஆற்றங்கரை ஊர்களிலும் பருத்தி விளையும் சிற்றூர்களிலும் பத்தும் இருபதுமாகச் சிதறிக் குடியேறிய யூதக் குடும்பங்களுக்கு ரப்பி கிடைக்கவில்லை. அவர்கள் கண்ட தீர்வுகளுள் ஒன்று நூறாண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது. படிப்பு இன்னும் முடியாத மாணவர்களை இரு வாரங்களுக்கு ஒருமுறை வரவழைத்து, அவர்களையே ஆசானாக ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டின் வரலாற்றையும், அதனால் மாணவருக்கும் ஊராருக்கும் கிடைத்ததையும் இழந்ததையும் இக்கட்டுரையில் காண்போம்.

ரப்பி என்பவர் யார்?

‘ரப்பி’ என்ற எபிரேயச் சொல்லுக்கு ‘என் ஆசான்’, ‘என் தலைவர்’ என்று பொருள். திருக்குர்ஆன் அல்மாயிதா அத்தியாயத்தில் ரப்பானிய்யூன் என்றும் அஹ்பார் என்றும் யூத மார்க்க அறிஞர்களைக் குறிப்பிடுவதை நாம் அறிவோம். ரப்பி என்பவர் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையில் நிற்கும் பூசாரி அல்லர். அவர் தவ்ராத்தையும் அதன் சட்ட விளக்கங்களையும் கற்றவர். ஐயம் கேட்போருக்குத் தீர்ப்புச் சொல்பவர். வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் கூட்டுத் தொழுகை நிறைவேறும் என்பதே அவர்களது மரபுச் சட்டம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ரப்பியாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும் என்று எண்ணிக்கை பார்க்கும் நமக்கு இந்தக் கணக்கு விளங்காத ஒன்றன்று.

ஆகவே ரப்பி இல்லாமலும் யூத சமூகம் வாழ முடியும்; வாழ்ந்தும் இருக்கிறது. நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. கொச்சி யூதர்களிடையே ரப்பி என்ற பதவி வேரூன்றவில்லை. எபிரேயம் கற்ற ஊர்ப் பெரியவர்களே தொழுகையை நடத்தினார்கள். கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேல் மக்கள் தங்கள் மார்க்கக் காரியங்களை நடத்தியவரை ‘காஜி’ என்று அழைத்தார்கள். அது நம்முடைய ‘காஜி’ என்ற சொல்லேதான்.

ஆனால் ரப்பி இல்லாத சமூகம் நெடுங்காலம் கற்ற சமூகமாக நீடிப்பது கடினம். தொழுகை நடத்த மனனம் போதும். திருமணம், மணவிலக்கு, உணவு, மரணம் ஆகியவற்றில் சட்டம் சொல்லக் கல்வி வேண்டும்.

அறிஞர் இல்லாத இரு நூற்றாண்டுகள்

1654-ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து வெளியேறிய 23 யூதர்கள், இன்று நியூயார்க் எனப்படும் நியூ ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வட அமெரிக்காவில் யூத சமூக வாழ்வு தொடங்கியது அப்போதுதான். முறைப்படி ரப்பிப் பட்டம் பெற்ற முதல் அறிஞரான ஆபிரகாம் ரைஸ் அந்நாட்டில் குடியேறியது 1840-ஆம் ஆண்டில். இடைப்பட்ட 186 ஆண்டுகளும் அமெரிக்க யூதர்களை வழிநடத்தியவர்கள், இனிய குரலில் தொழுகை நடத்தத் தெரிந்த ஓதுநர்களும் ஊர்த் தலைவர்களும்தாம். சட்டச் சிக்கல் எழுந்தால் இலண்டனுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ கடிதம் எழுதி, கப்பலில் பதில் வரும்வரை காத்திருந்தார்கள்.

அதே காலத்தில் ஜெர்மானிய நாடுகளிலிருந்து பல்லாயிரம் யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் முதுகில் மூட்டை சுமந்து ஊர் ஊராக ஊசி, நூல், துணி விற்றவர்கள். சில ஆண்டுகளில் மூட்டை குதிரை வண்டியாயிற்று. பின்னர் வண்டி கடையாயிற்று. கடை எங்கே அமைந்ததோ அங்கேயே குடும்பமும் அமைந்தது. ஒஹையோ ஆற்றின் கரையிலும் மிசிசிப்பி ஆற்றின் கரையிலும் பல ஊர்களில் யூதக் குடியிருப்புகள் உருவானது இப்படித்தான். வணிகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று, சென்ற இடத்தில் பள்ளிவாசல் எழுப்பிய முன்னோர்களைக் கொண்ட நமக்கு இந்தக் கதை எளிதில் புரியும்.

முதலில் அவர்கள் வாங்கியது பெரும்பாலும் மையவாடிக்கான நிலம். தொழுகை யாரேனும் ஒருவரின் கடை மாடியில் நடந்தது. வசதி பெருகிய பின் ஆலயம் எழுந்தது. ஆலயத்தில் நிற்க ஆசான் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் நன்கு கற்ற ரப்பிகள் அமெரிக்கச் சிற்றூருக்கு வர விரும்பவில்லை. வந்த சிலருக்கு ஊரின் மொழி தெரியவில்லை.

ஐசக் வைஸும் சின்சினாட்டியும்

இந்தக் குறையைத் தீர்க்கத் தன் வாழ்நாளையே செலவிட்டவர் ஐசக் மேயர் வைஸ். 1819-இல் பொஹீமியாவில் பிறந்து 1846-இல் அமெரிக்கா வந்தவர். முதலில் ஆல்பனி நகரச் சபையில் பணியாற்றினார். அவர் கொண்டுவந்த சீர்திருத்தங்களைச் சபைத் தலைவர் ஏற்கவில்லை. 1850-ஆம் ஆண்டில் யூதப் புத்தாண்டுத் தொழுகையின்போது, வேதச் சுருளை எடுக்கச் சென்ற வைஸைச் சபைத் தலைவரே எல்லார் முன்னிலையிலும் அடித்தார். கைகலப்பு மூண்டு காவலர் வரவேண்டியதாயிற்று. முத்தவல்லிக்கும் இமாமுக்கும் இடையிலான பூசல் எந்தச் சமூகத்துக்கும் புதிதன்று போலும்.

1854-இல் வைஸ் சின்சினாட்டிக்கு வந்தார். ஒஹையோ ஆற்றின் கரையில் செழித்திருந்த அந்நகரில் அவரது சபை 1866-இல் எழுப்பிய ஆலயம் இன்றும் நிற்கிறது. அதைப் பார்க்கும் முஸ்லிம் ஒரு கணம் திகைப்பார். அதற்கு இரண்டு மினாராக்கள் உண்டு. உள்ளே அல்ஹம்ராவை நினைவூட்டும் வளைவுகளும் வண்ண வேலைப்பாடுகளும் உண்டு. அக்கால யூதர்கள் பல நாடுகளில் இந்தப் பாணியை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். முஸ்லிம் ஆட்சியில் அந்தலூஸில் தம் முன்னோர் கண்ட கல்விச் சிறப்பை அவர்கள் மறக்கவில்லை. குர்துபாவில் பிறந்து அரபு மொழியில் நூல்கள் எழுதி 1204-இல் எகிப்தில் மறைந்த மூசா இப்னு மைமூன் இன்றும் அவர்களது பேரறிஞர்.

கல்லூரி ஒன்றை நிறுவ வைஸ் 1855-இலேயே முயன்று தோற்றார். ஒரு நகரத்தின் செல்வம் மட்டும் போதாது, பல ஊர்ச் சபைகளும் சேர்ந்து சுமந்தால்தான் கல்லூரி நிற்கும் என்பதை அந்தத் தோல்வியில் கற்றார். 1873-இல் சபைகளின் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. 1875-இல் ஹீப்ரூ யூனியன் கல்லூரி தொடங்கிற்று. முதல் வகுப்புகள் ஓர் ஆலயத்தின் அடித்தளத்தில் நடந்தன. அன்று கல்லூரியின் நூலகம் முழுவதும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிற்று என்றும், இரவில் அதைப் பூட்டியது திருடருக்கு அஞ்சியன்று, எலிகளுக்கு அஞ்சியே என்றும் அக்கல்லூரியின் பழைய கதை சொல்கிறது. இன்று அந்நூலகம் உலகின் மிகப்பெரிய யூத நூலகங்களுள் ஒன்று.

1883-இல் நால்வர் அங்கே ரப்பிப் பட்டம் பெற்றார்கள். அமெரிக்க மண்ணில் கற்று அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் தலைமுறை அது. அந்த விழா வேறொரு காரணத்துக்காகவும் வரலாற்றில் இடம்பெற்றது. விருந்தில் நண்டும் இறாலும் தவளைக் காலும் பரிமாறப்பட்டன. இவை யூதச் சட்டப்படி விலக்கப்பட்ட உணவுகள். மரபைப் பேணிய சில ரப்பிகள் சினந்து எழுந்து சென்றார்கள். மரபுக்கும் சீர்திருத்தத்துக்கும் இடையே முன்பே இருந்த விரிசல் அன்று வெளிப்படையாயிற்று. 1886-இல் நியூயார்க்கில் மரபைக் காக்க வேறொரு கல்லூரி நிறுவப்பட்டது.

வைஸின் கல்லூரி சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்தது. மார்க்கச் சட்டத்தைத் தளர்த்திய அப்பிரிவின் போக்கை மற்ற யூதர்களே கடுமையாக விமர்சித்தார்கள். ஹலால், ஹராம் வரம்புகளைப் பேணும் நமக்கும் அதில் உடன்பாடு இருக்க முடியாது. 1897-இல் பாசல் நகரில் முதல் சியோனிச மாநாடு கூடியபோது அதை வெளிப்படையாக எதிர்த்த யூதத் தலைவர்களுள் வைஸும் ஒருவர் என்பதையும் இங்கே பதிவு செய்வது நேர்மை. ஆனால் நாம் காணவந்தது அப்பிரிவின் கொள்கையை அன்று. சிறு சபைகளை அவர்கள் தாங்கிப் பிடித்த முறையை.

வெள்ளிக்கிழமைப் பயணம்

கல்லூரி ஆண்டுக்குச் சிலருக்கே பட்டம் வழங்கியது. பட்டம் பெற்றவர்களைப் பெருநகரச் சபைகள் அழைத்துக்கொண்டன. இருபது குடும்பச் சபைக்கு எஞ்சியது மாணவர்தான். மாணவருக்கோ பயிற்சி தேவை; கல்விச் செலவுக்குப் பணமும் தேவை. இரு தேவைகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

ஏற்பாடு எளிமையானது. சில ஊர்களுக்கு மாணவர் புத்தாண்டுக்கும் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கும் மட்டும் செல்வார். சில ஊர்களுக்கு மாதம் ஒருமுறை. வசதி சற்றுக் கூடுதலான ஊர்களுக்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை. பயணச் செலவையும் ஒரு சிறு தொகையையும் சபை கொடுக்கும்.

தொடக்கத்தில் அவர்கள் சென்றது ரயிலில். பின்னர்ப் பேருந்திலும் காரிலும். தொலைவான ஊர்களுக்கு விமானம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் சப்த் நாள் தொடங்கிவிடும். அதற்குமுன் ஊர் சேர வேண்டும். மாலையில் தொழுகையும் உரையும். சனிக்கிழமை காலை உயிர்க்குறிகள் இல்லாத எழுத்தில் கையால் எழுதப்பட்ட வேதச் சுருளிலிருந்து ஓதுதல். பிற்பகலில் நோயுற்றோரைக் காணல். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்துப் பாடம்; பதின்மூன்று வயதை நெருங்கும் சிறுவனுக்கு அவன் சபைமுன் ஓதவேண்டிய பகுதியில் தனிப் பயிற்சி. அதன்பின் சபைக் குழுவுடன் பேச்சு. ஞாயிறு மாலை திரும்பி, திங்கள் காலை கல்லூரி வகுப்பில் மீண்டும் மாணவராக உட்கார வேண்டும்.

தங்குவது பெரும்பாலும் சபையாரின் வீட்டில். மாணவரை வீட்டில் வைத்துச் சோறிடுவது யூதர்களிடையே பழைய வழக்கம். கிழக்கு ஐரோப்பாவில் தவ்ராத் கற்கும் பிள்ளைகள் ஞாயிறு ஒரு வீடு, திங்கள் ஒரு வீடு என்று முறை வைத்து உண்டார்கள். ‘நாள் உண்ணுதல்’ என்ற பொருளில் அதற்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே உண்டு. அதில் அன்பும் இருந்தது, அவமானமும் இருந்தது. எந்த வீட்டில் இன்முகம், எந்த வீட்டில் பழைய ரொட்டி என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். 1803-இல் நிறுவப்பட்ட வலோஜின் மதரஸா இந்த வழக்கை நிறுத்தி, திரட்டிய நிதியிலிருந்து மாணவருக்கு உதவித்தொகை வழங்கியது. கற்பவனின் கண்ணியத்தைக் காப்பதும் கல்வியின் பகுதியே என்பதை அந்த மதரஸா உணர்ந்திருந்தது.

கற்றுக்கொடுத்தவர் யார், கற்றவர் யார்?

இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் எழுபது வயதுக்காரருக்கு ஆசானாக நிற்பது எளிதன்று. வகுப்பில் மரணத்தின் சட்டங்களைப் படித்திருப்பார். கணவனை அன்று காலை இழந்த பெண்ணின் முன் அமர்ந்து என்ன பேசுவது என்பதை எந்த நூலும் சொல்லித் தராது. மாணவ ரப்பிகள் பலருக்கு முதல் அடக்கம் இத்தகைய சிற்றூரில்தான் வாய்த்தது.

ஊராருக்கு அவர்களுக்கே உரிய வழக்குகள் இருந்தன. எந்தப் பாட்டை எந்த ராகத்தில் பாடுவது, எந்த இடத்தில் எழுந்து நிற்பது, இறந்தோர் பெயர்களை எந்த வரிசையில் வாசிப்பது என்று ஒவ்வொரு சபைக்கும் ஒரு முறை. கல்லூரி கற்றுத்தந்த முறையோடு அது பொருந்தாது. அறிவுள்ள மாணவர் முதல் மாதம் திருத்த முயலாமல் கவனித்தார். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அறியாத மாணவர் முதல் வாரமே திருத்தினார்; அடுத்த வாரம் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கக் கண்டார். சட்டம் வேறு, வழக்கம் வேறு. இரண்டையும் எங்கே பிரிப்பது, எங்கே பொறுப்பது என்ற பாடம் அங்கேதான் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் இழப்பும் உண்டு. ஓரிரு ஆண்டுகளில் அந்த மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார், புதியவர் வருவார். ஒவ்வொரு முறையும் ஊர் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பிறப்பில் பெயரிட்டவரும் மணம் முடித்தவரும் இறப்பில் நின்றவரும் வேறு வேறு ஆள்கள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை அறிந்த ஆசான் என்ற பேறு அச்சபைகளுக்கு வாய்க்கவில்லை.

ஆயினும் ஒரு பயனும் விளைந்தது. மாணவர் வராத வாரங்களில் தொழுகையை யார் நடத்துவது? மருந்துக்கடைக்காரர் நடத்தினார், பள்ளி ஆசிரியை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். முழுநேர ரப்பி உள்ள பெருநகரச் சபைகளில் எல்லாம் அவர் தலையில் விழும்; மற்றவர் பார்வையாளர். ஆசான் பாதி நாள் இல்லாத ஊரிலோ எல்லாரும் சிறிதளவேனும் கற்றாக வேண்டியிருந்தது. சிறு சபைகள் இத்தனை ஆண்டு உயிரோடு இருந்ததற்கு மாணவர் வந்தது எவ்வளவு காரணமோ, அவர் வராத வாரங்களும் அவ்வளவு காரணம்.

அந்த உறவின் கடினமான பக்கம் தெற்கு மாநிலங்களில் வெளிப்பட்டது. 1950-களிலும் 1960-களிலும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் அங்கே உச்சத்தில் இருந்தது. மிசிசிப்பி மாநிலச் சிற்றூர்களும் சின்சினாட்டி மாணவர்கள் சென்ற இடங்களுள் அடங்கும். நீதியைப் பற்றி நபிமார்கள் உரைத்ததைக் கல்லூரியில் படித்த இளைஞருக்கு, அநீதி கண்முன் நடக்கும் ஊரில் வாய் மூடி இருப்பது எப்படி? ஊராருக்கோ வேறு கணக்கு. மாணவர் ஞாயிறு மாலை புறப்பட்டுவிடுவார். அவர்கள் திங்கள் காலை அதே தெருவில் கடை திறக்க வேண்டும். அந்த அச்சம் வீண் அச்சமும் அன்று. 1967 செப்டம்பரில் ஜாக்சன் நகர யூத ஆலயம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. இரண்டு மாதங்களில் அதன் ரப்பி பெரி நுஸ்பாமின் வீட்டிலும் குண்டு வெடித்தது. 1968 மே மாதம் மெரிடியன் நகர ஆலயம் தாக்கப்பட்டது. மறுபக்கம், ஹேட்டிஸ்பர்க் நகரில் 1951 முதல் 1963 வரை தங்கிப் பணியாற்றிய சார்லஸ் மான்டின்பாண்ட் என்ற ரப்பி, அச்சுறுத்தல்களுக்கு நடுவிலும் கறுப்பின மக்களுடனான நட்பை விடவில்லை. அவர் மாணவர் அல்லர், அவ்வூரிலேயே குடியிருந்தவர். ஊரோடு இருந்து ஆபத்தைப் பகிர்ந்துகொள்பவரின் சொல்லுக்கும், வந்து சொல்லிவிட்டுப் போகிறவரின் சொல்லுக்கும் உள்ள எடை வேறுபாட்டை மாணவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

மிம்பர் கேட்ட மாணவி

மாணவர் பணி வெறும் பயிற்சி அன்று, அதுவே பதவிக்கான வாயில் என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. மார்த்தா நியூமார்க் என்ற இளம்பெண் சின்சினாட்டிக் கல்லூரியில் படித்துவந்தார். அவர் தந்தை அங்கே பேராசிரியர். 1921-இல் தம் வகுப்புத் தோழர்களைப் போல் தமக்கும் பெருநாள் தொழுகை நடத்த ஒரு சிற்றூரை ஒதுக்கித் தருமாறு அவர் கேட்டார். அந்தச் சிறு விண்ணப்பம் இரண்டாண்டு விவாதத்தைக் கிளப்பிற்று. பெண் வகுப்பில் அமர்ந்து படிக்கலாம் என்பதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. சிற்றூருக்கு அனுப்பினால் நாளை பட்டமும் தரவேண்டுமே என்பதே தயக்கம். 1923-இல் கல்லூரி நிர்வாகம் மறுத்துவிட்டது.

அரை நூற்றாண்டு கழித்து 1972-இல் அதே கல்லூரி சாலி பிரிசாண்ட் என்ற பெண்ணுக்குப் பட்டம் வழங்கியது. மரபைப் பேணும் யூதர்கள் இன்றும் இதை ஏற்பதில்லை. அது அவர்கள் வீட்டு விவாதம். பதவியைப் பற்றிய அந்தப் பெரிய வாதம் எங்கே தொடங்கிற்று என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இரண்டு நாள் பெருநாளுக்கு ஒரு சிறு சபைக்குப் போய்வரக் கேட்ட விண்ணப்பத்தில் அது தொடங்கிற்று.

வேறு நாடுகளில், வேறு பிரிவுகளில்

மாணவரை அனுப்பும் வழக்கம் சீர்திருத்தப் பிரிவுக்கு மட்டும் உரியதன்று. மரபைக் கடுமையாகப் பேணும் லுபாவிச் ஹசீதிய இயக்கம், 1940-கள் முதல் கோடை விடுமுறையில் மாணவர்களை இருவர் இருவராகத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்பிவருகிறது. ஆலயமே இல்லாத ஊரிலும் யூதப் பெயர்களைத் தேடிக் கதவைத் தட்டுவார்கள். இலண்டனில் 1956-இல் தொடங்கிய லியோ பெக் கல்லூரியின் மாணவர்கள் பிரிட்டனின் சிறு சபைகளுக்குப் போனார்கள்.

ஜெர்மனியின் கதை வேறு. ரப்பிகளை உருவாக்கிய பெர்லின் கல்விநிலையத்தை நாஜி ஆட்சி 1942-இல் மூடியது. அதற்குமுன் 1935-இல் அங்கிருந்து மாணவர் ஐவர் சின்சினாட்டிக் கல்லூரிக்கு அழைக்கப்பட்டு உயிர் தப்பினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் சோவியத் நாடுகளிலிருந்து யூதர்கள் ஜெர்மனியில் வந்து குடியேறினார்கள். அவர்களில் பலருக்குத் தொழுகை முறையே தெரியாது. மார்க்கக் கல்வி தடுக்கப்பட்ட நாட்டில் வளர்ந்தவர்கள். 1999-இல் போட்ஸ்டாமில் புதிய ரப்பிக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. 2006-இல் டிரெஸ்டன் நகரில் அதன் முதல் மூவர் பட்டம் பெற்றார்கள்.

மூடப்படும் வகுப்பறை

அமெரிக்கச் சிற்றூர்களின் யூதர் எண்ணிக்கை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தேயத் தொடங்கிற்று. கடைக்காரரின் மகன் கல்லூரிக்குப் போனான், மருத்துவனாகவோ வழக்கறிஞனாகவோ ஆனான், திரும்பி வரவில்லை. பெரிய வணிக நிறுவனங்கள் வந்ததும் தந்தையின் துணிக்கடை மூடப்பட்டது. மிசிசிப்பியின் போர்ட் கிப்சன் ஊரில் 1890-களின் தொடக்கத்தில் குவிமாடத்துடன் எழுந்த அழகிய ஆலயத்தில் நூறாண்டு முடியுமுன்னே தொழ ஆளில்லாமல் போயிற்று. நாட்செஸ் ஊர்ச் சபை தன் கட்டடத்தின் எதிர்காலத்தைக் கருதி 1990-களில் ஓர் அருங்காட்சியகத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. தங்கள் காலத்துக்குப் பின் வேதச் சுருளை யார் எடுப்பார் என்று உயிரோடு இருக்கும்போதே ஒரு ஜமாஅத் எழுதி வைக்கவேண்டிய நிலை எண்ணிப் பார்க்கவே நெஞ்சைப் பிசைகிறது.

2022 ஏப்ரலில் ஹீப்ரூ யூனியன் கல்லூரியின் நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்தது. சின்சினாட்டி வளாகத்தில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் ரப்பிக் கல்வியை 2026-ஆம் ஆண்டுக்குள் நிறுத்தி, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களில் தொடர்வது என்பதே அது. மாணவர் சேர்க்கை குறைந்ததும் நிதிப் பற்றாக்குறையும் காரணங்கள். கணக்கேட்டில் அந்த முடிவுக்கு நியாயம் இருந்தது. எதிர்த்தவர்கள் கேட்டது வேறு: நாட்டின் நடுவில் இருக்கும் சிற்றூர்களுக்கு இனி யார் போவார்? இரு பெருநகரங்களில் படித்தவர், நூறு பேர்கூட இல்லாத சபையின் வாழ்க்கையை எங்கே கற்பார்?

தொற்றுநோய்க் காலத்தில் திரைவழியே தொழுகை நடத்தப் பழகியவர்கள், தொலைவிலிருந்தே ரப்பி வழிநடத்தலாமே என்கிறார்கள். பாடம் நடத்த அது உதவக்கூடும். இறந்தவரை அடக்கும்போது மகனின் தோளில் கைவைக்கத் திரைக்குக் கை இல்லை.

நம் வீட்டு முற்றம்

இந்த வரலாற்றைப் படிக்கும்போது நம் மனம் நம் ஊர்களுக்குத் திரும்புவது இயல்பு. ரமலானில் அரபு மதரஸாக்களிலிருந்து இளம் ஹாஃபிழ்கள் சிறு மஹல்லாக்களுக்குத் தராவீஹ் தொழுவிக்க வருகிறார்கள். மீசை முளைக்கும் பருவம். தோளில் ஒரு பை. ஊரில் முறை வைத்து உணவு கொடுக்கிறோம். இருபத்தேழாம் இரவில் ஒரு தொகை திரட்டிக் கொடுத்து வழியனுப்புகிறோம். அந்தப் பிள்ளை ஓதுவதில் ஒரு பிழை நேர்ந்தால் பின்னாலிருந்து உரக்கத் திருத்தும் நாம், அவர் எங்கே உறங்குகிறார், நோன்பு திறந்தபின் அவரிடம் பேச யார் இருக்கிறார்கள் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? மாதம் முழுவதும் அவருக்குப் பின்னால் நின்று தொழுதவர்களுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் நினைவிருக்கிறது?

நம் மரபு இதற்கு ஓர் அழகிய முன்மாதிரியை வைத்திருக்கிறது. ஸஹீஹுல் புகாரியில் அம்ர் இப்னு ஸலிமா (ரலி) அவர்கள் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறார்கள். அவர்களது கூட்டத்தார் பயணிகள் கடந்து செல்லும் நீர்நிலை ஒன்றின் அருகே வாழ்ந்தார்கள். மதீனாவிலிருந்து வருவோர் ஓதும் வசனங்களைக் கேட்டுக் கேட்டு அச்சிறுவர் மனனம் செய்துவிட்டார். மக்கா வெற்றிக்குப் பின் அக்கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது, குர்ஆனை அதிகம் அறிந்தவர் தொழுவிக்கட்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளை வந்தது. தேடிப் பார்த்தார்கள். ஆறு அல்லது ஏழு வயதுடைய அச்சிறுவரைவிட அதிகம் அறிந்தவர் யாரும் இல்லை. அவரையே முன்னால் நிறுத்தினார்கள். சிறுவரின் இமாமத் குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது ஃபிக்ஹு நூல்களில் காணவேண்டியது. நாம் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்து நடந்தது.

அச்சிறுவரிடம் இருந்தது ஒரே ஒரு குட்டைப் போர்வை. ஸுஜூது செய்யும்போது அது மேலேறிவிடும். அதைக் கண்ட ஒரு பெண்மணி, உங்கள் ஓதுநரின் உடலை மறைக்க மாட்டீர்களா என்று ஊராரிடம் கேட்டுவிட்டார். ஊரார் துணி வாங்கி அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டை கிடைத்தபோது மகிழ்ந்ததுபோல் வேறு எதற்கும் தாம் மகிழ்ந்ததில்லை என்று அம்ர் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

அடுத்த ரமலானுக்கு நம் ஊருக்கு வரப்போகும் பிள்ளை இப்போது ஏதோ ஒரு மதரஸாவின் பாயில் அமர்ந்து ஓதிக்கொண்டிருக்கிறார். அவருக்கான சட்டையைத் தைக்க இன்னும் காலம் இருக்கிறது.